மூடு, மூட்டு, மூட்டம்

“மூட் எப்படி அம்மா இருக்கிறது?” என்று கேட்டார் அந்த இளம் டாக்டர். அம்மா உடனே புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டு வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். “இந்தப் பக்கம்தான் டாக்டரம்மா. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை.”

தர்மபுரி அரசு மருத்துவமனையில், வரிசை வராந்தாவின் கடைசிவரை நீண்டிருந்த ஒரு முற்பகல் அது. டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த முழங்காலை அழுத்திப் பார்த்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டார்: “மனசு எப்படி அம்மா இருக்கிறது?”

“மனசுக்கு என்ன, அது ஒரு பக்கம் கிடக்கிறது.”

அந்த வாக்கியத்தை அவர் அப்படியே தமிழில் சீட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில், எடுப்பதற்கு ஆளில்லாமல் விழுந்த இடத்திலேயே விழுந்திருப்பதைத்தான் கிடக்கிறது என்போம். களத்தில் கலப்பை கிடக்கிறது. திண்ணை ஓரத்தில் அப்பாவின் செருப்பு கிடக்கிறது. ஏழு மாதமாக அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அவளுடைய மனமும் அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஏழு மாதமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே சொல். ஓசூரில் இருக்கும் தம்பி போனில் கேட்பான், “அம்மா எப்படி இருக்கிறாள் அக்கா?” “கொஞ்சம் மூட் சரியில்லை” என்பேன். சித்தி கேட்டாலும் அதே பதில். பள்ளியில் சக ஆசிரியை கேட்டாலும் அதே பதில். கேட்டவர்களும் “சரியாகிவிடும்” என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சொல்லில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாமல் விட்ட மாதிரியும் ஆயிற்று.

நான் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை. நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று முதல் இந்த ஒரு சொல்லை விடாமல் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறேன்.

நாம் அதை எதற்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று முதலில் கவனித்தேன். “அப்பா மூட் சரியில்லை, இப்போது போய்க் கேட்காதே” என்றால் அங்கே மூட் கோபம். “படிக்க மூட் இல்லை” என்கிற பிள்ளைக்கு அது நாட்டம். “காலையிலிருந்து மூட் அவுட்” என்பவரிடம் அது முகவாட்டம். ஆசிரியர் அறையில் “தலைமையாசிரியர் என்ன மூடில் இருக்கிறார்?” என்று விசாரித்துவிட்டு விடுப்புக் கடிதத்தை நீட்டும்போது அது நல்ல நேரம், கெட்ட நேரம். தேர்தல் வந்தால் தொகுதிக்கே ஒரு மூட் வந்துவிடுகிறது. கணவன் மனைவிக்கு நடுவில் அதே சொல் சொல்லாமல் சொல்லும் இன்னொரு விருப்பமும் உண்டு. இத்தனை வேலையையும் ஒற்றைச் சொல்லின் தலையில் ஏற்றிவிட்டோம்.

அம்மாவிடமோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. “சோறு இறங்கவில்லை பாப்பா” என்றாள். “நெஞ்சு கனக்கிறது” என்றாள். “வீடு வெறிச்சென்று இருக்கிறது” என்றாள். “எதிலும் பிடிப்பில்லை” என்றாள். ஒரு நாள் பின்மாலையில் வாசற்படியில் உட்கார்ந்தபடி, “பொழுது நகர மாட்டேன் என்கிறது” என்றாள். இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு செய்திகள். சோறு இறங்காதது உடம்பில் நடப்பது. வெறிச்சென்று இருப்பது வீட்டில் நடப்பது. பொழுது நகராதது காலத்தில் நடப்பது. பிடிப்பில்லை என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. கிணற்றில் இறங்கியவனின் கை கயிற்றைவிட்டு நழுவுவதைச் சொல்கிற சொல் அது. நான் இவ்வளவையும் சுருட்டி “மூட்” என்று கட்டித் தம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நம் வாயில் அந்த ஆங்கிலச் சொல் ‘மூடு’ என்றேதான் ஒலிக்கிறது. ‘மூடு’, ‘மூட்டம்’, ‘மூடுபனி’, செடியின் வேரடியில் ஈரம் காயாமல் இருக்கச் சருகு பரப்பும் ‘மூடாக்கு’ எல்லாம் நம் சொற்கள். ஆங்கிலச் சொல்லோடு அவற்றுக்கு எந்த உறவும் இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. ஆனாலும் தொப்பூர் மலையை மேகமூட்டம் மறைக்கிற நாட்களில் எனக்கு அந்த ஒலி ஒற்றுமை பொருளுடையதாகவே படும். மூட்டம் எந்த ஒரு பொருளின் மேலும் தனியாக விழுவதில்லை. புளியமரம், மாட்டுக் கொட்டகை, தக்காளித் தோட்டம் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது.

ஆங்கிலத்தில் அதன் பிறப்பைத் தேடிப் போனபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘மோட்’. மனம், உள்ளம் என்பது ஒரு பொருள். தைரியம், வீறு என்பது இன்னொன்று. இன்று சிடுசிடுப்பானவரைக் குறிக்கிற ‘மூடி’ என்ற சொல், அன்று வீரமும் பெருமிதமும் உள்ளவரைக் குறித்தது. அதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘மூட்’ என்றால் தைரியம்தான்.

இதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது குறளின் ஊக்கமுடைமை அதிகாரம். “உள்ளம் உடைமை உடைமை” என்று தொடங்குகிறது 592ஆம் குறள். அந்த ‘உள்ளம்’ என்பதற்குப் பரிமேலழகர் ஊக்கம் என்றே உரை எழுதுகிறார். மனத்தைக் குறிக்கும் சொல்லே மனத்தின் வலுவையும் குறிப்பது அங்கும் இருந்திருக்கிறது, இங்கும் இருந்திருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு உள்ளம் சரியில்லை என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. உள்ளம் குறைந்துகொண்டே வருகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். தம்பி அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்திருப்பான்.

மருத்துவம் இந்தச் சொல்லைத் தன் பெயர்ப்பலகையில் ஏற்றியது அண்மையில்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ‘அஃபெக்டிவ்’ கோளாறுகள் என்று இருந்த பிரிவு, 1987ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில் ‘மூட்’ கோளாறுகள் என்று பெயர் மாறியது. மனச்சோர்வும், சோர்வுக்கும் மிதமிஞ்சிய எழுச்சிக்கும் நடுவில் ஊசலாடும் இருமுனை நோயும் அதற்குள் வந்தன. அங்கே மூட் என்பதற்கு வரையறை உண்டு. முகத்தில் வந்து போகிற உணர்ச்சி வேறு. நாள்கணக்கில், வாரக்கணக்கில் அடியில் தங்கிவிடுகிற நிலை வேறு. முன்னது இன்றைய மழை, பின்னது அந்த ஊரின் பருவநிலை என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம். டாக்டர் அம்மாவிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் பருவநிலையைப் பற்றியவைதான். தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, முன்பு பிடித்த வேலையில் இப்போது கை போகிறதா, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேலாக இருக்கிறதா. வயதானவர்களுக்கு மனச்சோர்வு பல சமயம் உடம்பு வலியாகத்தான் வெளியே வரும் என்றும் சொன்னார். முழங்கால் தேய்மானம் உண்மை. ஆனால் வலி முழுவதும் அந்த மூட்டிலிருந்து வரவில்லை. அதற்கு முன்பு ஐந்து மாதம் வேறோர் இடத்தில் மூட்டுக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். அங்கே யாரும் மனசைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மூட் என்றால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுதானே என்று சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். நான் அதை ஏற்கவில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களை, அதாவது காரணங்களை, தொல்காப்பியர் காட்டுகிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை. மெய்ப்பாட்டுக்கு ஒரு காரணம் வேண்டும், அது மெய்யில் படவும் வேண்டும். அப்பா போன முதல் மாதத்தில் அம்மா அழுதது மெய்ப்பாடு. இழவு என்று காரணத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம். அந்த அழுகை நின்ற பிறகு வந்ததுதான் வேறு. அதற்குக் கண்ணீர் இல்லை. “எதற்காக இப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் அவளிடம் பதிலும் இல்லை. அழுகை நின்றுவிட்டதே என்று நாங்கள் நிம்மதியடைந்த நாளில்தான் மூட்டம் இறங்கியிருக்கிறது.

ஆங்கில இலக்கணத்திலும் ஒரு ‘மூட்’ உண்டு. பல வருடங்களாக அதை வகுப்பில் நடத்துகிறேன். இண்டிகேட்டிவ், இம்பெரேட்டிவ், சப்ஜங்டிவ் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு முறை பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், வாக்கியத்துக்குமா மூட் மாறும்?” என்று கேட்டாள். “இது வேறு மூட், அது வேறு மூட்” என்று சொல்லி உட்கார வைத்தேன். சொன்னது சரிதான். இலக்கணத்து மூட் லத்தீனின் ‘மோடுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. விதம், முறை என்று அதற்குப் பொருள். ‘மோட்’ என்று இருந்ததை, 16ஆம் நூற்றாண்டில், பக்கத்து வீட்டு மூடின் சாயலில் எழுத்து மாற்றிக்கொண்டார்கள். வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள், ஒரே பெயர். ஆனால் அந்த மாணவியை உட்கார வைத்ததற்காக இப்போது வருந்துகிறேன்.

இலக்கணத்து மூட் என்பது, பேசுகிறவர் ஒரு செயலுக்கு எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்பதைக் காட்டுவது. ‘வந்தான்’ என்றால் நடந்ததைச் சொல்கிறார். ‘வா’ என்றால் நடக்க வைக்கிறார். ‘வருக’ என்றால் நடக்க வேண்டும் என்று விரும்புகிறார். ‘வந்தால்’ என்றால் நடக்குமா நடக்காதா என்ற வாசலில் நிற்கிறார். நம் இலக்கணம் ஏவலையும் வியங்கோளையும் பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஏவல் எதிரில் நிற்பவருக்கு மட்டும். வியங்கோள் மூன்று இடத்துக்கும் ஐந்து பாலுக்கும் பொது. வாழ்த்தலாம், வையலாம், விதிக்கலாம், வேண்டலாம். ‘வாழ்க’வும் வியங்கோள், ‘ஒழிக’வும் வியங்கோள். ஏவலிடுபவருக்குச் செயலின் மேல் பிடி இருக்கிறது. வியங்கோளில் பேசுபவர் செயலை உலகத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்.

அம்மா ஏவலில் வாழ்ந்தவள். காலை நான்கரை மணியிலிருந்து அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் ஏவல்தான். மாட்டை அவிழ். சாணியை அள்ளு. மோட்டாரைப் போடு. தக்காளிக்குத் தண்ணீரைத் திருப்பு. களி ஆறுகிறது, வந்து தின்னு. பொழுது சாய்ந்தால் எல்லா ஏவலும் ஒரே வினையில் வந்து நிற்கும். பானையை மூடு, கதவை மூடு, கோழிக் கூண்டை மூடு, படித்தது போதும் புத்தகத்தை மூடு. அப்பாவுக்குக்கூட ஏவல்தான், மரியாதைக்கு ஓர் ‘ங்க’ சேர்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அப்பா மாசியில் போனார். எங்கள் பக்கம் அது புளி உலுக்குகிற காலம். பழுத்த புளி மரத்திலேயே இருந்தது. “ஆள் வைத்து உலுக்கலாமா அம்மா?” என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றாள். வருடா வருடம் திண்ணையில் உட்கார்ந்து, சிறிய இரும்புக் கம்பியால் புளியைத் தட்டிக் கொட்டையை எடுத்து, நார் உரித்து, உப்புப் போட்டுப் பானையில் அடைக்கிற கை அது. தம்பி மாட்டை விற்றுவிடலாமா என்று கேட்டபோது “ஆகட்டும்” என்றாள். நான் அவளுக்கு எடுத்த புடவையின் நிறத்தைக் கேட்டபோது “எதுவாகவோ இருக்கட்டும்” என்றாள். ஒரு மாலை கூண்டை மூட நான் மறந்துவிட்டேன், அவளும் சொல்லவில்லை. விடியற்காலையில் பார்த்தால் கீரி வந்து போயிருந்தது. வாசல் முழுக்கச் செம்பட்டை இறகு. அடைகாத்துக்கொண்டிருந்த கோழி அது. அம்மா வந்து நின்று பார்த்தாள். ஓர் இறகைக்கூட எடுக்கவில்லை. “போகட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய வியங்கோள் செய்த வேலையில் பாதியை இன்றைய பேச்சில் இந்த ‘அட்டும்’தான் செய்கிறது. ஏழு மாதத்தில் அம்மாவின் வினைகள் ஒவ்வொன்றாக ஏவலைவிட்டு ‘அட்டு’முக்குப் போய்விட்டன. நான் இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறவள். அவள் வினைமுற்று மாறுவது என் காதில் விழுந்திருக்க வேண்டும். இரண்டு மூடுக்கும் உறவே இல்லை என்று வகுப்பில் சொன்னேனே, என் வீட்டுக்குள் அந்த இரண்டும் ஒரே பாயில் படுத்திருந்தன.

பள்ளிக்குப் போகும் பஸ் அதியமான்கோட்டையைத் தாண்டித்தான் போகிறது. தகடூர் என்று இருந்த எங்கள் தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவது. மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்தது. “சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே” என்று தொடங்கும். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். அடிக்கு அடி ‘மன்னே’ என்று முடிகிறது. அந்த ‘மன்’ ஓர் இடைச்சொல். கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று அதற்கு மூன்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். இங்கே கழிவு. அதெல்லாம் போயிற்றே என்பது.

ஔவையார் அந்த வரிகளில் ‘என் நெஞ்சு துயரப்படுகிறது’ என்று சொல்லவே இல்லை. அவன் என்ன செய்வான் என்று மட்டும் சொல்கிறார். ‘ஈயும்’, ‘உண்ணும்’ என்கிற வினைகள் அவன் இன்னும் செய்துகொண்டிருப்பதைப் போலவே நிற்கின்றன. பின்னால் ஒரு சிறிய ‘மன்’ வந்து ஒட்டுகிறது, அத்தனையும் முடிந்துபோனதாகிவிடுகிறது. மனநிலை முழுவதையும் இரண்டெழுத்து இலக்கணத்தில் வைத்துவிட்டார். அம்மாவும் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். “உன் அப்பா இருந்தால் இந்நேரம் கொள்ளு விதைத்திருப்பார்” என்பாள், கொல்லையைப் பார்த்தபடி. ‘இருந்தால்’ என்ற வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். அம்மாவிடம் பேசுவதற்கு ஓர் ஆலோசகரும் இருந்தார். மாதம் ஒரு முறை போய் வருகிறோம். இதைப் படிக்கிறவர் வீட்டில் யாராவது இப்படிக் கிடந்தால், மருத்துவமனைக்குப் போகும் முன் பேசிப் பார்க்க 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பேசும்போது மூட் சரியில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர் வாயால் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்கள்.

நானும் தம்பியிடம் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். “இன்று அரை உருண்டைக் களி தின்றாள். விடிகாலை மூன்று மணிக்கே விழித்துவிட்டாள். புளிப் பானையைத் திறந்து பார்த்தாள்.” அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்கிறான். அந்த மாணவியையும் மறுபடி கூப்பிட்டு, அவளுடைய கேள்விக்கு ஒரு வகுப்பு முழுவதும் எடுத்துப் பதில் சொன்னேன். உங்கள் வீட்டில் யார் ஏவலில் பேசுகிறார்கள், யார் ‘அட்டு’மில் பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள் என்றேன். ஒரு பையன் தன் தாத்தாவைப் பற்றி எழுதி வந்த பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்; அவனுடைய வீட்டுக்கு ஒரு முறை போக வேண்டும்.

போன வாரம் சனிக்கிழமை. மாலை ஆறரை மணி இருக்கும். நான் அடுப்பங்கரையில் ராகி மாவைக் கொதிநீரில் கொட்டிவிட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே தொப்பூர்ப் பக்கம் மூட்டமாக இருந்தது. மழை வரும் போல மண் வாசம். நான் குனிந்து பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கோலைச் சுழற்றுகிறேன், மாவு கட்டி கட்டியாக நிற்கிறது.

“நிறுத்தாதே, கிண்டு” என்றது வாசலிலிருந்து குரல். என் கை நின்றே விட்டது.

“பாப்பா, காது கேட்கிறதா? கிண்டி இறக்கிவிட்டு வா. இருட்டிக்கொண்டு வருகிறது. கோழிக் கூண்டை மூடு.”